டியூபா பிஸ்டன் வால்வுல காத்து அடைக்குதா? கண்டுபிடிக்கறதுல இருந்து வென்ட் ஓட்டை வரைக்கும் முழு விவரம்

டியூபாங்கற பெரிய பித்தளை ஊது வாத்தியத்த வாசிக்கிறவங்க நிறைய பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். நாலு வால்வுல ஒண்ணு மட்டும் தலையணைய அமுக்கற மாதிரி இருக்கும், பாதி வரைக்கும் சுலபமா இறங்கும், அதுக்கப்புறம் ஏதோ ஒண்ணு கீழ இருந்து விரலை எதுத்துத் தள்ளும், விரலை எடுத்தாலும் மத்த மூணு வால்வும் டக்குனு மேல வரும்போது இது மட்டும் மெதுவா வரும். உடனே என்ன செய்வோம்? ஆயில் விடுவோம். சரியாகலைன்னா இன்னும் கொஞ்சம் ஆயில். அதுக்கும் மசியலைன்னா ஸ்பிரிங்கை வெளிய எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்து நீட்டி உள்ள போடுவோம், இப்ப மேல வரும் ஆனா அமுக்கறதுக்கு விரல் வலிக்கும்.

என்கிட்ட இருக்கறது பழைய நாலு வால்வு பி ஃபிளாட் டியூபா, ஏற்கனவே ஒருத்தர் வாசிச்சது. மூணாவது வால்வு ரெண்டு வருஷம் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு ரிப்பேர் கடையில குடுத்தேன், ஸ்பிரிங் மாத்திக் குடுத்தாங்க, ஒரு வாரம் நல்லா இருந்த மாதிரி தோணுச்சு, அப்புறம் பழையபடிதான். ஒரு நாள் சுத்தம் பண்ணலாம்னு கீழ் மூடிய கழட்டிப் பாத்தா உள்ள வட்டமா வெட்டின ஒரு ஃபெல்ட் (அழுத்தின கம்பளி) துண்டு ஒட்டியிருக்கு. வால்வு தடக் தடக்னு சத்தம் போடக்கூடாதுன்னு முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ ஒட்டியிருக்காங்க. ஆயில்ல ஊறி, கறுத்து, பச்சை பூத்து, மூடியோட நடு ஓட்டைய முழுசா அடைச்சு உக்காந்திருந்துச்சு. நகத்தால நெம்பி எடுத்து, மூடிய துடைச்சு மாட்டினதும் அதே ஸ்பிரிங், அதே ஆயில், ஆனா வால்வு பறக்குது. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, எனக்கு இருந்த பிரச்சனை ஆயிலும் இல்ல ஸ்பிரிங்கும் இல்ல, வெளிய போக வழியில்லாத காத்து.

அதனால வால்வுல காத்து எங்க இருக்கு, எப்படி வெளிய போகுது, எங்க அடைக்குது, எங்க அடைச்சே இருக்கணும், இது எல்லாத்தையும் நான் கத்துக்கிட்ட வரைக்கும் எழுதறேன். கடைசியில வென்ட் ஓட்டை, அதாவது மாட்டிக்கிட்ட காத்து வெளிய போக பிஸ்டன்ல போடற குட்டி ஓட்டை, அதுவும் வருது, ஆனா தயவு செஞ்சு முதல்லயே அங்க தாவாதீங்க, டிரில்ல கையில எடுக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம்

இன்னைக்கு நாம வாசிக்கிற பிஸ்டன் வால்வு பாரிஸ்ல பெரினேங்கறவர் 1830-கள் கடைசியில கொண்டு வந்த அமைப்பு. டியூபாவே பிறந்தது பெர்லின்ல, 1835 செப்டம்பர் 12-ஆம் தேதி ராணுவ பேண்ட் தலைவர் வீப்ரெஷ்ட்டும் வாத்தியம் செய்யற மோரிட்ஸும் பேட்டன்ட் வாங்கினது, அதுல இருந்தது அஞ்சு பெர்லின் வால்வு, நல்ல தடிமனான குட்டை பிஸ்டன். நம்ம கையில இருக்கற பெரினே பிஸ்டன் அதைவிட ஒல்லி, நீளம்.

பிஸ்டன்ங்கறது உள்ள காலியா இருக்கற ஒரு குழாய். அதோட சுவத்துல பெரிய ஓட்டைங்க தெரியும், அந்த ஓட்டைங்களுக்கு நடுவுல பிஸ்டனுக்குள்ளயே குறுக்க குட்டிக் குழாய்ங்க பத்த வச்சிருக்கும், நம்ம ஊதற காத்து அந்தக் குட்டிக் குழாய் வழியாத்தான் போகும். அந்தக் குழாய்ங்களுக்கு வெளிய, பிஸ்டனோட வயித்துக்குள்ள மிச்சம் இருக்கற இடத்துக்கும் நம்ம ஊதற காத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, கடைசியில வென்ட் போடும்போது இதுதான் வழி.

இந்த பிஸ்டன் கேஸிங்குக்குள்ள, அதாவது வெளி உறைக் குழாய்க்குள்ள, ரொம்ப இறுக்கமா, ஒரு மில்லிமீட்டர்ல நூறுல சில பங்கு இடைவெளியோட, ஆயில் படலத்து மேல வழுக்கி ஓடுது. சைக்கிள் பம்ப் மாதிரியேதான். கீழ அமுக்கினா பிஸ்டனுக்குக் கீழ இருக்கற காத்து வெளிய போகணும், அதே நேரம் மேல காலியாகற இடத்துக்கு வெளிய இருந்து காத்து உள்ள வரணும். விரலை எடுத்தா இது ரெண்டும் தலைகீழா நடக்கும். கீழ்க் காத்துக்கு வழி கீழ் மூடியில இருக்கற ஓட்டை. மேல் காத்துக்கு வழி மேல் மூடியில, பட்டனையும் பிஸ்டனையும் சேர்க்கற தண்டு போற ஓட்டையச் சுத்தி இருக்கற சந்து. சில பிஸ்டனோட தலையிலயே ரெண்டு மூணு சின்ன ஓட்டை இருக்கும், அது இருந்தா மேலயும் கீழயும் காத்து பிஸ்டன் வயித்து வழியாவே மாறிக்கும்.

இது என்ன பெரிய விஷயம்னு நினைக்கலாம், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்தா தெரியும். பிஸ்டன் 27 மில்லிமீட்டர் அகலம், 23 மில்லிமீட்டர் இறங்குதுன்னு வச்சுக்குவோம். ஒரு தடவை அமுக்கினா சுமார் 13 சிசி காத்து இடம் மாறணும். வேகமா வாசிக்கும்போது இது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல நடக்குது. கீழ் மூடி ஓட்டை 3 மில்லிமீட்டர்னா அந்தக் காத்து விரலுக்குக் குடுக்கற எதிர்ப்பு சுமார் 30 கிராம், உணரவே மாட்டோம். அதே ஓட்டை அழுக்கு சேர்ந்து 2 மில்லிமீட்டர் ஆச்சுன்னா சுமார் 160 கிராம். 1.5 மில்லிமீட்டர் ஆச்சுன்னா அரை கிலோ பக்கத்துல போயிடும், அதாவது விட்டம் பாதியானா எதிர்ப்பு 16 மடங்கு. காத்துக்கு வேற வழியே இல்லைன்னு வச்சுப் போட்ட தோராயக் கணக்குதான், ஆனா ஒரு சின்ன ஆயில் கசடு ஏன் இவ்வளவு படுத்துதுங்கறதுக்கு இது போதும். டிரம்பெட்காரங்க இத அதிகமா புலம்ப மாட்டாங்க, அவங்க பிஸ்டன் 17 மில்லிமீட்டர் பக்கம்தான், ஓட்டமும் கம்மி, நகர்ற காத்து நம்மளோடதுல மூணுல ஒரு பங்கு கூட வராது.

படி 1: இது காத்தா, வேற ஏதாவதான்னு கையால பாக்கறது

எதையும் கழட்டாம முதல்ல வால்வை ரொம்ப மெதுவா, அஞ்சு செகண்ட் எடுத்துக்கிட்டு அமுக்குங்க. அப்புறம் டக்குனு வேகமா அமுக்குங்க. மெதுவா போகும்போது லேசா இருந்து வேகமா போகும்போது மட்டும் எதுக்குதுன்னா காத்தா இருக்க வாய்ப்பு அதிகம். மெதுவா போனாலும் ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் பிடிக்குதுன்னா அது கேஸிங் நசுங்கல், இல்ல பிஸ்டன்ல கீறல், இல்ல பிஸ்டன் சுத்தாம பிடிக்கற வழிகாட்டி பின் தேஞ்சிருக்கு, அதுக்கு இந்த வைத்தியம் உதவாது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இழுக்குதுன்னா அழுக்கு.

ஒரு சிக்கல் என்னன்னா கெட்டியான ஆயிலும் காத்து மாதிரியே நடிக்கும், வேகமா அமுக்கினா அதிகமா எதுக்கும். அதனால இந்த ஒரு சோதனைய வச்சு முடிவு பண்ணிடாதீங்க, அடுத்ததையும் பாருங்க.

படி 2: விரலை வச்சு அடைச்சுப் பாக்கறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இதுதான், காசும் ஆகாது, எதுவும் உடையாது. ஒரு கை விரலால கீழ் மூடி ஓட்டைய நல்லா அழுத்தி மூடிக்கோங்க, இன்னொரு கையால வால்வை வேகமா அமுக்குங்க. நல்லா இருக்கற வால்வுல வித்தியாசம் உடனே தெரியும், உள்ள பலூன் இருக்கற மாதிரி எதுத்துத் தள்ளும், ஓட்டைய மூடின விரல் நுனியில காத்து முட்டறதும் தெரியும். விரலை எடுத்தா "உஸ்"னு போகும். இத நாலு வால்வுக்கும் செஞ்சு பாருங்க. எந்த வால்வுல மூடினாலும் மூடாட்டியும் ஒரே மாதிரி இருக்கோ அங்க நின்னு யோசிக்கணும். ரெண்டும் கனமா இருந்தா ஓட்டை ஏற்கனவே அடைச்சிருக்கு. ரெண்டும் லேசா இருந்தா காத்து வேற வழியா போகுது, ஒண்ணு பிஸ்டன் தலை ஓட்டை வழியா, இல்ல பிஸ்டன் தேஞ்சு போய் பக்கவாட்டுல ஒழுகுது.

படி 3: மூடிய தளர்த்திப் பாக்கறது

இங்க உங்க வால்வுல ஸ்பிரிங் எங்க இருக்குன்னு தெரியணும். பிரிட்டிஷ் மாதிரி நிமிர்ந்த டியூபாக்கள்ல பெரும்பாலும் ஸ்பிரிங் பிஸ்டனுக்குக் கீழ, கீழ் மூடி மேல உக்காந்திருக்கும், அந்த மூடிய முழுசா கழட்டினா ஸ்பிரிங் துள்ளி கீழ விழும், சோபா அடியில போய்த் தேட வேண்டியிருக்கும். அந்த மாதிரி வால்வுல முழுசா கழட்டாதீங்க, ரெண்டு சுத்து மட்டும் தளர்த்துங்க, மரைச் சந்து வழியா காத்து போகும். ஸ்பிரிங் மேல இருக்கற வகைன்னா கீழ் மூடிய தைரியமா முழுசா கழட்டிட்டு அமுக்கிப் பாக்கலாம்.

தளர்த்தினதும் வால்வு லேசாச்சுன்னா பிரச்சனை கீழ் மூடியில. மாத்தமே இல்லைன்னா கீழ் மூடிய இறுக்கிட்டு மேல் மூடிய ரெண்டு சுத்து தளர்த்திப் பாருங்க. அப்ப லேசாச்சுன்னா மேல்தான் அடைப்பு. பட்டனுக்குக் கீழ இருக்கற ஃபெல்ட் தண்டை ரொம்ப இறுக்கிப் பிடிச்சு ஊறிப்போய் இருந்தா இப்படி ஆகும், முழுசா அமுக்கும்போது அந்த ஃபெல்ட் மூடியோட ஓட்டை மேல ஸ்டாம்ப் மாதிரி உக்காந்து காத்தைப் பிடிச்சுக்கும், விரலை எடுத்ததும் மேல வர முதல் ஒரு நொடி தயங்கும். ரெண்டு மூடியயும் தளர்த்தியும் மாத்தம் இல்லையா? அப்ப அது காத்து இல்ல, ஆயிலையும் அழுக்கையும் பாருங்க.

படி 4: சுத்தம், இங்க அவசரம் வேண்டாம்

ஒவ்வொரு வால்வா கழட்டுங்க, நாலையும் ஒண்ணா பரப்பி வைக்காதீங்க. பிஸ்டன் மேல 1, 2, 3, 4னு நம்பர் குத்தியிருக்கும், கேஸிங்லயும் இருக்கும், ஆனா பழசுல தேஞ்சு போயிருக்கலாம். ஒரு துண்டை விரிச்சு அது மேல வரிசையா வைங்க, பிஸ்டன் உருண்டு தரையில விழுந்தா அது நசுங்கல் மட்டும் இல்ல, அந்த வால்வோட கதையே முடிஞ்சுடும்.

கீழ் மூடிய வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. வட்டமா, சுத்தமா வெளிச்சம் தெரியணும். பெரும்பாலும் ஓரத்துல பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு பசை வளையம் இருக்கும், ஆயில், துணிப் பஞ்சு, பித்தளைக் களிம்பு மூணும் சேர்ந்தது. பல் குச்சியால குத்தி எடுங்க. இரும்பு ஊசி வேண்டாம், மூடிக்குப் பரவாயில்ல, ஆனா அதே ஊசியோட அடுத்து பிஸ்டன் ஓட்டைக்குப் போவீங்க, அங்க ஒரு கீறல் போதும். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில மூடியையும் பிஸ்டனையும் கழுவுங்க, கொதிக்கற தண்ணி வேண்டாம். ஃபெல்ட் எல்லாத்தையும் முன்னாடியே கழட்டி வச்சிடணும், நனைஞ்சா தடிமன் மாறிடும். பிஸ்டன் தலையில குட்டி ஓட்டை இருந்தா அதுலயும் பல் குச்சிய விட்டு எடுங்க. கேஸிங் உள்ள பஞ்சு விடாத துணிய ஒரு குச்சியில சுத்தி இழுத்து எடுங்க.

கீழ் மூடிக்குள்ள ஃபெல்ட் இல்ல ரப்பர் வட்டம் இருந்தா அத தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அது கம்பெனியே வச்சதா இருந்தா நடுவுல ஓட்டை இருக்கும், மூடி ஓட்டைக்கு நேரா உக்காந்திருக்கும். நடு ஓட்டை இல்லாத வட்டம்னா யாரோ பின்னாடி வச்சது. சத்தம் வேண்டாம்னா வைங்க, ஆனா நடுவுல மூடி ஓட்டைய விட பெருசா ஒரு ஓட்டை வெட்டி வைங்க. ஒண்ணு முக்கியம்: பிஸ்டன் எங்க வரைக்கும் இறங்கணும்னு முடிவு பண்றது மேல பட்டன் அடியில இருக்கற ஃபெல்ட். அத தடிமன் மாத்திப் போட்டா பிஸ்டன் ஓட்டையும் கேஸிங் ஓட்டையும் நேரா வராது, சுருதியும் தொனியும் கெடும். அதனால புது ஃபெல்ட் போட்டா பழசோட தடிமனை அளந்து அதே அளவு போடுங்க.

இனி ஆயில். நம்ம பக்கம் தேங்காய் எண்ணெய் விடற பழக்கம் இன்னும் சில பேண்டுகள்ல இருக்கு, கைல கிடைக்கறது அதுதானேன்னு. தயவு செஞ்சு விடாதீங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிக்கும், மார்கழி விடியக்காலைல கேரல் வாசிக்கப் போகும்போது நாலு வால்வும் சேர்ந்து பிடிக்கறது இதனாலதான். அதுமட்டும் இல்ல, அதுல இருக்கற கொழுப்பு அமிலம் பித்தளையோட சேர்ந்து அந்தப் பச்சைக் களிம்பை உண்டாக்கும், அது நேரா போய் கீழ் மூடி ஓட்டையிலதான் உக்காரும். தையல் மிஷின் ஆயில் அவசரத்துக்குப் பரவாயில்ல, ஆனா டியூபாவுக்குன்னு விக்கற வால்வு ஆயில்தான் சரி. தேஞ்ச பழைய வால்வுன்னா கொஞ்சம் கெட்டி, புதுசுன்னா மெல்லிசு. பிஸ்டனைப் பாதி வெளிய எடுத்து, சுவத்துல நாலு சொட்டு விட்டு, மெதுவா சுத்தாம உள்ள இறக்குங்க. கீழ் மூடி ஓட்டை வழியா ஆயில் விடற பழக்கம் வேண்டவே வேண்டாம், அப்படி விட்டா மூடியில கிடக்கற அழுக்கு தான் பிஸ்டனுக்கு ஏறும்.

நீண்ட நேரம் வாசிச்சப்புறம் மட்டும் வால்வு கனமாகுதுன்னு சிலர் சொல்வாங்க. அப்ப மூடியக் கழட்டாம ஓட்டையப் பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி தொங்கிட்டு இருக்கும். மூச்சுத் தண்ணி வால்வுல இறங்கி அந்த ஓட்டையில படலமா நின்னு அடைக்குது. துணியால ஒத்தி எடுத்தா போதும்.

படி 5: ஓட்டையப் பெருசு பண்ணலாமா?

எல்லாம் சுத்தம் பண்ணியும் படி 3-ல மூடிய தளர்த்தினா மட்டும் லேசாகுதுன்னா ஓட்டையே சின்னது. 1.5 மில்லிமீட்டர் ஓட்டையோட வர்ற மலிவான மூடிகளை நான் பாத்திருக்கேன். இத 3 மில்லிமீட்டர் ஆக்கறதுல எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது, ஏன்னா மூடி தனி உருப்படி, வாத்தியத்துல இருந்து கழட்டி டேபிள் மேல வச்சு ஓட்டை போடறோம், கெட்டா வேற மூடி வாங்கிக்கலாம். ஸ்பிரிங் உக்கார்ற வட்டத்துக்கு உள்ளேயே ஓட்டை இருக்கணும், ரெண்டு பக்கமும் பிசிறை எடுத்துடணும், உலோகத் தூள் ஒண்ணு கூட இல்லாம கழுவித்தான் மாட்டணும். கேஸிங் மேல மூடி மாட்டி இருக்கும்போதே டிரில் விடறதப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க.

இனி வேற காத்து: ஸ்லைடுக்குள்ள மாட்டிக்கற காத்து

இதுவரைக்கும் பேசினது பிஸ்டனுக்கு மேலயும் கீழயும் இருக்கற காத்து. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு கூடுதல் குழாய் வளையம் இருக்கும், வால்வை அமுக்கினா ஊதற காத்து அதையும் சுத்திப் போகும், அந்த வளையத்துல இழுத்து நீட்டக்கூடிய பகுதிதான் ஸ்லைடு. வால்வை அமுக்காம அது மேல நிக்கும்போது இந்த ஸ்லைடு வளையத்துல இருக்கற காத்து வேற. அதோட ரெண்டு வாயும் பிஸ்டன் சுவத்துல முட்டி நிக்கும், ரெண்டு பக்கமும் கார்க் போட்ட பாட்டில் மாதிரி. இப்ப ஸ்லைடை இழுத்தா உள்ள வெற்றிடம், தள்ளினா அழுத்தம். இழுத்து வச்சுட்டு வால்வை அமுக்கினா "டப்"னு சத்தம் வரும். அழுத்தித் தள்ளிட்டு கைய எடுத்தா ஸ்லைடு தானா கொஞ்சம் பின்னாடி வரும்.

டிரம்பெட்டுல இது சின்ன தொந்தரவு. டியூபாவுல ஏன் பெரிசுன்னா நம்ம இழுக்க வேண்டிய தூரம் அதிகம். பி ஃபிளாட் டியூபாவோட குழாய் சுமார் 5.5 மீட்டர். முதல் வால்வு அதுல 12 சதவீதம், கிட்டத்தட்ட 67 சென்டிமீட்டர் சேர்க்குது, மூணாவது ஒரு மீட்டருக்கு மேல. 1-ம் 3-ம் சேர்த்து அமுக்கினா தேவைப்படறதவிட சுமார் 13 சென்டிமீட்டர் குழாய் குறையுது, சுருதி மேல ஏறிடும். நாலாவது வால்வு இருந்தா அத வச்சு சமாளிக்கலாம், மூணு வால்வுக்காரங்க ஸ்லைடை இழுத்தே ஆகணும். ஸ்லைடோட ரெண்டு குழாயும் சேர்ந்தே நீள்றதால 6.5 சென்டிமீட்டர் இழுப்பு. அதனாலதான் டியூபாக்காரங்க இடது கையை முதல் ஸ்லைடு மேலயே வச்சுக்கிட்டு வாசிக்கும்போதே நகத்தறாங்க. முதல் ஸ்லைடுல இருக்கற காத்து 18 மில்லிமீட்டர் குழாய்ல சுமார் 170 சிசி. வால்வு மேல இருக்கும்போது 5 சென்டிமீட்டர் இழுத்தா கொள்ளளவு 25 சிசி கூடுது, உள்ள அழுத்தம் 13 சதவீதம் குறையுது, கைக்கு அது அரை கிலோவுக்கு மேல இழுவை. மெதுவான பாட்டுக்குப் பரவாயில்ல. வேகமான இடத்துல அடுத்த சுரத்துக்கு முன்னாடியே ஸ்லைடை தயார் பண்ணணும், அப்ப வால்வு மேலதான் இருக்கும்.

இன்னொண்ணு, அந்த "டப்" சத்தம் கெட்டது இல்ல. அது வரலைன்னாத்தான் கவலைப்படணும். ரெண்டாவது ஸ்லைடை வால்வு அமுக்காம மெதுவா உருவிப் பாருங்க, வெளிய வரும்போது நல்ல "டப்" வந்தா பிஸ்டனும் ஸ்லைடும் காத்தை நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம். பழைய வாத்தியம் வாங்கப் போனா நான் முதல்ல செய்யறது இதுதான்.

வென்ட் ஓட்டை எப்படி வேலை செய்யுது

பிஸ்டன் மேல இருக்கும்போது ஸ்லைடு குழாயோட வாய் பிஸ்டன் சுவத்துல எந்த இடத்துல முட்டுதோ, அந்த இடத்துல பிஸ்டன் சுவத்துல 1-ல இருந்து 1.5 மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை. வால்வு மேல இருக்கும்போது ஸ்லைடு காத்து அந்த ஓட்டை வழியா பிஸ்டன் வயித்துக்குள்ள வந்து, அங்க இருந்து கீழ் மூடி ஓட்டை வழியா வெளிய போயிடும். வால்வை அமுக்கினதும் ஓட்டை கீழ இறங்கி கேஸிங்கோட வெறும் சுவத்துக்கு எதிர்ல போய் மூடிக்கும், வாசிக்கும்போது ஒழுகாது. ரெண்டு வாயும் ஒரே வளையம்ங்கறதால ஒரு ஓட்டை போதும். கவனிச்சீங்களா, கீழ் மூடி அடைச்சிருந்தா இந்த வென்ட்டும் வேலை செய்யாது. அதனாலதான் முதல்ல அதையெல்லாம் சொன்னேன். ரோட்டரி வால்வுல (மேல கீழ போகாம சுழல்ற வகை) இதே காரியத்துக்கு ஓட்டையக் கேஸிங்ல போடுவாங்க, அது வேற கணக்கு.

இத நீங்களே செய்யணுமா? என் கருத்து, இடத்தைக் குறிச்சு சரி பாக்கறது வரைக்கும் நீங்க செய்யுங்க, ஓட்டைய பித்தளை வாத்தியம் ரிப்பேர் பண்ற நல்ல கை ஒருத்தர்கிட்ட விடுங்க.

குறிக்கறது இப்படி. ஸ்லைடை முழுசா உருவிடுங்க. டியூபாவுல அந்தக் குழாய் வளைஞ்சு போறதால கண்ணால பாத்தா பிஸ்டன் தெரியாது, வளையற ஒயர் நுனியில கொஞ்சம் பஞ்சு சுத்தி மார்க்கர் மையில நனைச்சு குழாய் வழியா விட்டு பிஸ்டன் சுவத்தைத் தொடுங்க. பஞ்சு கழண்டு உள்ள தங்காம நல்லா கட்டிக்கோங்க. பிஸ்டனை வெளிய எடுத்தா மை தெரியும். இப்ப மூணு விஷயம் பாக்கணும். அந்த இடத்துக்குப் பின்னாடி பிஸ்டன் வயிறு காலியா இருக்கணும், குறுக்க போற குட்டிக் குழாய் இருக்கக்கூடாது, இருந்தா ஓட்டை ஊதற காத்துப் பாதையில திறந்து வாத்தியமே ஒழுகும், பிஸ்டனை கீழ இருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். ரெண்டாவது, பிஸ்டனோட அடி திறந்திருக்கணும். அடைச்ச அடின்னா காத்து வயித்துக்குள்ள போய் மாட்டிக்கும். மூணாவது, முழுசா அமுக்கின நிலையில அந்தப் புள்ளி எங்க போகுதுன்னு அளக்கணும், வால்வு ஓட்டத்தை ஸ்கேல்ல அளந்து புள்ளிக்கு எதிர்ல கேஸிங்ல அதே தூரம் கீழ என்ன இருக்குன்னு பாருங்க. வெறும் சுவரா இருக்கணும், இன்னொரு குழாய் வாயா இருந்தா இடத்தைக் கொஞ்சம் தள்ளணும், ஸ்லைடு வாய் 18 மில்லிமீட்டர் அகலம்ங்கறதால தள்ள இடம் கிடைக்கும்.

ரிப்பேர்காரர்கிட்ட சொல்ல வேண்டியது: பிஸ்டன் மேல சென்டர் பஞ்ச் வச்சு அடிக்கக்கூடாது, ஒரு அடி போதும் வட்டம் கெட. மரக் கட்டையில வி மாதிரி வெட்டின பள்ளத்துல வச்சு, புது பிட்டால, மெதுவான வேகத்துல போடணும். வெளிப் பக்கம் பிசிறு துளி கூட இருக்கக்கூடாது, விரல் நகத்தை ஓட்டி பாத்தா தட்டக்கூடாது, ஏன்னா அந்தப் பிசிறு ஒவ்வொரு அமுக்கலுக்கும் கேஸிங்கைக் கீறும். உள் பக்கத் தூளையும் கழுவி எடுக்கணும்.

எந்த வால்வுக்கு? கை வச்சு நகத்தற ஸ்லைடுக்கு மட்டும், பெரும்பாலும் முதல் வால்வு. ரெண்டாவது ஸ்லைடை வாசிக்கும்போது யாரும் நகத்தறதில்ல, அத விட்டுடுங்க, ஒழுகல் சோதனைக்கு அந்த "டப்" வேணும்.

காம்பென்சேட்டிங் டியூபா வச்சிருக்கறவங்க இந்தப் பக்கமே போகாதீங்க. பூஸி கம்பெனியில இருந்த பிளெய்க்லி 1870-கள்ல கொண்டு வந்த அந்த அமைப்புல நாலாவது வால்வை அமுக்கினா காத்து மத்த வால்வுகளுக்குத் திரும்பி வந்து கூடுதல் குட்டி வளையங்கள் வழியாவும் போகும். அதனால பிஸ்டன் சுவத்துல ஏகப்பட்ட வாய், வயித்துக்குள்ள ஏகப்பட்ட குட்டிக் குழாய், காலி இடமே கம்மி. அந்த அமைப்பே சுருதியப் பாத்துக்கறதால ஸ்லைடு இழுக்கற தேவையும் அவங்களுக்குக் குறைவு.

ஓட்டை போட வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கும் வழி இருக்கு. ஸ்லைடு நகத்தற ஒவ்வொரு இடத்துலயும் முதல் வால்வு அமுங்கி இருக்கற சுரம் முன்னாடி எதுன்னு நோட்டேஷன்ல பென்சிலால ஒரு கோடு போட்டு, அந்த சுரத்துலயே ஸ்லைடை நகத்திடுங்க. பத்து நாள் மெதுவான வேகத்துல பழகினா இடது கை தானா செய்யும். நான் முதல் வால்வுக்கு வென்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இப்படித்தான் வாசிச்சேன், இப்பவும் மூணாவதுக்கு இதேதான்.

எல்லாம் மாட்டினப்புறம்

நாலு வால்வையும் படி 2 மாதிரி விரலால அடைச்சுப் பாருங்க, நாலும் ஒரே அளவு எதுக்கணும், விரலை எடுத்தா நாலும் "உஸ்"னு போகணும். அப்புறம் வென்ட் போட்ட ஸ்லைடை வால்வு அமுக்காம இழுங்க, இழுவை இல்லாம வரணும், "டப்" வரக்கூடாது. அடுத்து அந்த வால்வை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பெரிய ஸ்லைடை (முழு வாத்தியத்தோட சுருதிய மாத்தற ஸ்லைடு) உருவி, வால்வுப் பக்கத்துக் குழாய் வாயை உள்ளங்கையால மூடி மெதுவா ஊதிப் பாருங்க, முன்னாடி எவ்வளவு பிடிச்சுதோ அவ்வளவே பிடிக்கணும். கடைசியா ஒரு நீள சுரம், முதல் வால்வு அமுக்கி, ரொம்ப மெதுவான சத்தத்துல. ஓட்டை சரியா மூடலைன்னா அங்கதான் காத்து இரைச்சல் கேக்கும். கேக்கலைன்னா வாத்தியத்தைப் பையில வச்சிடலாம், ஒரு வாரம் வாசிச்சப்புறம் கீழ் மூடிய மட்டும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க, புது பிஸ்டன் ஓட்டையில மிச்சம் இருந்த தூள் ஏதாவது அதுக்குள்ள மினுக்குதான்னு.